கோழிக்கால் வீடு

அவ முதல் தரம் என்ரை கடைக்குள்ளை வந்து மேசையிலை வைச்சது, ஒரு கோழிக்காலைக் கீறின கடுதாசி. வழி மாறி வந்திட்டா எண்டு நினைச்சன். ஸ்காபரோவிலை எங்கடை பிளாசாவிலை இறைச்சிக் கடைக்குப் பக்கத்திலைதான் என்ரை தையல் கடை. "அடுத்த கதவு" எண்டு கையைக் காட்டினன். அவ அசையேல்லை. தன்ரை தோளிலையிருந்து விரல் நுனி வரைக்கும் தொட்டுக் காட்டி, "இவ்வளவு நீளம், மஞ்சள், ரெண்டு" எண்டா.

அட கோதாரி, இண்டைக்கெண்டு பார்த்து ஒரு விசர் வந்து வாய்ச்சிருக்கு எண்டு மனசுக்குள்ளை திட்டினன். அது கலியாணச் சீசன். பிளவுஸ் பிளவுஸாய்த் தைச்சு, குனிஞ்சு குனிஞ்சு நாரி விட்டுப்போய், வீட்டுக்குப் போனால் சோறு வடிக்கவும் சீவன் இல்லாமல் கிடந்த காலம். ஆனால் ஆள் நிண்ட நிலையைப் பார்த்தால் துரத்தவும் மனம் வரேல்லை. நாற்பது வயது இருக்கும். கண்ணுக்குக் கீழை கறுத்துப்போய் இருந்தா, குளிர்ச் சட்டையின்ரை சிப் பிஞ்சு ஊசி குத்தியிருந்தா. முதலிலை அந்தச் சிப்பைத்தான் தைச்சுக் குடுத்தன்.

உக்ரேன்காரி. சண்டை தொடங்கினபிறகு வந்து சேர்ந்தவ. அங்கை சின்னப்பிள்ளையளுக்குப் பொம்மலாட்டம் போடுற தியேட்டரிலை வேலை செய்தவவாம். இஞ்சை விடியக்காலமை ஒஃபிஸ் துடைக்கிறா. எங்கடை லைபிரரியின்ரை கீழ் மண்டபத்திலை ஒரு சனிக்கிழமை பொம்மலாட்டம் போடச் சொல்லிக் கேட்டிருக்கினம், அதுக்குத்தான் கோழிக்கால். ரெண்டு பேரின்ரை இங்கிலிஷும் நொண்டி. அதாலையோ என்னவோ ஆளையாள் நல்லா விளங்கிச்சுது. இங்கிலிஷிலை எல்லாரும் "யூ"தான். என்ரை மனசிலை அவ முதல் நாளே நீயும் இல்லாமல், நீங்களும் இல்லாமல் "நீர்" ஆகிட்டா.

நான் தைக்கத் தைக்க, பக்கத்திலை கதிரையைப் போட்டு இருந்து கதையைச் சொன்னா. அவையின்ரை நாட்டுப் பழங்கதையளிலை காட்டுக்குள்ளை ஒரு கிழவி இருக்கிறாவாம். இரும்புப் பல்லு. அவவின்ரை வீடு ரெண்டு கோழிக்காலிலை நிக்குமாம், திரும்பு எண்டால் திரும்புமாம். கிழவி உரலுக்குள்ளை ஏறி இருந்து, உலக்கையாலை துழாவிப் பறப்பாவாம். போன தடத்தைத் தும்புத்தடியாலை கூட்டி அழிப்பாவாம். பிள்ளையளைப் பிடிச்சு அடுப்பிலை போட்டுச் சுட்டுத் தின்னுவாவாம். உரலும் உலக்கையும் எண்ட உடனை எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. "எங்கடை வீட்டிலையும் உரல் இருந்தது, நாங்கள் மா இடிச்சதோடை சரி" எண்டன். அவவும் சிரிச்சா.

பிறகுதான் தான் மாத்தின கதையைச் சொன்னா. அந்தக் காட்டுக்குள்ளை ஷெல் விழத் தொடங்குது. கிழவிக்குப் பயந்து ஓடின பிள்ளையள் இப்ப கிழவியிட்டையே ஓடிவருகினம். கிழவி அதுகளைத் தின்னேல்லை, அடுப்புக்குள்ளை ஒளிச்சு வைக்கிறா. தும்புத்தடியாலை பிள்ளையளின்ரை காலடியைக் கூட்டி அழிக்கிறா, தேடி வாறவங்கள் காணக்கூடாதெண்டு. சண்டைக்காரர் ஒருத்தரும் மேடைக்கு வரமாட்டினம், ஒரு தகரத்தை உலுப்பிற சத்தம் மட்டும்தான். கடைசியிலை வீடு கோழிக்காலிலை எழும்பி எல்லாரையும் ஏத்திக்கொண்டு நடக்க வேணும்.

நான் மிஷினை நிப்பாட்டிட்டன். வீடு எழும்பி நடக்கிறது. எங்கடை சனம் கதவையும் யன்னலையும் கழட்டி ட்ரக்டரிலை ஏத்திக்கொண்டு ஓடின சனம், கூரை ஓடுகூடக் கழட்டினது. வீட்டுக்குக் கால் இருந்திருந்தால் எவ்வளவு வேலை மிச்சம். அதைச் சொல்ல வாயைத் துறந்திட்டு, "தையல் காணுமோ?" எண்டு கேட்டு முடிச்சன். ஒரு சண்டையைக் கடந்து வந்து கைகாலைக் கழுவிப்போட்டு இருக்கிறவளிட்டை இன்னொரு சண்டையைக் கொண்டுவந்து தைச்சுத் தா எண்டால் என்ன செய்யிறது? எனக்குக் கோவம்கூட வரேல்லை. அலுப்புத்தான் வந்தது.

கடைக்கு அடிக்கடி வாற அன்ரி ஒருத்தி இருக்கிறா. தைக்கக் குடுக்கிறது சாட்டு, கதைக்கத்தான் வாறவ. நல்ல மனுசி, ஆனால் வாய் சும்மா கிடக்காது. ஆர் வாசலைத் தாண்டினாலும் "எங்கை போறாய்?" எண்டு கேட்டுப்போடுவா. எங்கடை ஆக்களிலை வெளிக்கிடுற ஆளிட்டை அப்பிடிக் கேக்கப்படாது, "தூரமோ?" எண்டுதான் கேக்கிறது. எங்கையெண்டு கேட்டால் போற காரியம் சரிவராது. ஆரும் கேட்டுப்போட்டால், திரும்பி உள்ளை வந்து, கொஞ்சநேரம் இருந்து, தண்ணி குடிச்சிட்டுத்தான் வெளிக்கிட வேணும். அண்டைக்கு உக்ரேன்காரி பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போக, அன்ரி இங்கிலிஷிலை கேட்டுப்போட்டா. நான் பேசாமல் இருந்திருக்கலாம், வாய் கேக்கேல்லை. "உள்ளை வந்து இரும், தண்ணி குடிச்சிட்டுப் போம்" எண்டன்.

ஏன் எண்டு கேட்டா, சொன்னன். அவ என்னை உற்றுப் பார்த்தா. தங்கடை ஊரிலையும் அப்பிடிக் கேக்கப்படாதாம். தூரப் பயணம் எண்டால், வெளிக்கிட முதல் எல்லாரும் பெட்டியைக் கீழை வைச்சிட்டு, கதைக்காமல் கொஞ்சநேரம் இருந்திட்டுத்தான் எழும்புவினமாம். அன்ரிக்கு ஒரே புழுகம், வாயெல்லாம் சிரிப்பு. "பாத்தியே, வெள்ளைக்காரியும் எங்கடை ஆள்தான்" எண்டா. உக்ரேன்காரி தண்ணியைக் குடிச்சுப்போட்டு, பேணியைக் கையிலை வைச்சுக்கொண்டு சொன்னா: "நான் வெளிக்கிட்ட நாள், அம்மாவும் நானும் வாங்கிலை பக்கத்திலை பக்கத்திலை இருந்தனாங்கள். நான் எழும்பினன். அம்மா எழும்பேல்லை."

தாய் இன்னும் அங்கைதான், சண்டை கிட்டக் கிட்ட வந்துகொண்டிருக்கிற ஒரு சின்ன ஊரிலை, தனிய. பக்கத்து வீடெல்லாம் பூட்டு. உதவிக்கு நிக்கிற பெடியள் இடைக்கிடை வான் கொண்டுவந்து மிச்சம் இருக்கிற ஆக்களை ஏத்திக்கொண்டு போறாங்களாம். அது எவ்வளவு காலத்துக்கு வருமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. வான் வாற ஒவ்வொரு முறையும் தாய் சட்டை மாத்தி, பெட்டியைக் கட்டி, வாங்கிலை இருப்பாவாம். இருந்துகொண்டு, கோழியளுக்கு ஆர் தீன் போடுறது எண்டு கேப்பாவாம். வான் போயிடும். "மாட்டன் எண்டு சொன்னாலாவது சண்டை பிடிக்கலாம். மாட்டன் எண்டு சொல்லுறேல்லை. வாறன் வாறன் எண்டு சொல்லிச் சொல்லியே இருக்கிறா" எண்டா.

கால் தைச்சுக் குடுத்ததோடை விட்டது சனி எண்டு இருந்தன். விடேல்லை. கால் ஆட்ட வரவேண்டிய ஆளுக்கு வேலை நேரம் மாறிப்போச்சு, நீங்கள் வாறியளோ எண்டு வந்து நிண்டா. "எனக்கு முழங்கால் ஏலாது, கண்டறியாத பொம்மலாட்டம்" எண்டன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவவின்ரை அப்பார்ட்மெண்டிலை முழங்காலுக்கு ரெண்டு தலாணி வைச்சுக்கொண்டு நிக்கிறன். என்னை எனக்கே விளங்கேல்லை.

வேலை இதுதான். நான் மேசைக்குப் பின்னாலை, கறுப்புத் துணிக்குள்ளை முழங்காலிலை நிக்க வேணும். ரெண்டு கையையும் தோள் மட்டும் கோழிக்காலுக்குள்ளை விட்டு, மேசை மேலை நடக்கப் பண்ண வேணும். அவ எனக்குப் பின்னாலை எழும்பி நிண்டு, ஒரு கையாலை வீட்டைத் தூக்கிப் பிடிப்பா, மற்றக் கை யன்னலாலை எட்டிப் பார்க்கிற கிழவிக்குள்ளை. கோழி எப்பிடி நடக்கும் எண்டு எனக்கு ஒருத்தரும் பழக்கத் தேவையில்லை. காலைத் தூக்கேக்கை விரலைப் பொத்தும், வைக்கேக்கை விரிக்கும். அதைச் செய்து காட்டினவுடனை அவ "ஓ!" எண்டு கத்தினா. எனக்கும் கொஞ்சம் புழுகம்தான், இல்லையெண்டு சொல்லேல்லை.

கிழவியின்ரை முகத்தை அண்டைக்குத்தான் வடிவாப் பார்த்தன். பூப்போட்ட தலைத்துண்டு, பெரிய மூக்கு. சுவரிலை தாயின்ரை படம் இருந்தது, அதே மூக்கு. நான் ரெண்டையும் மாறி மாறிப் பார்க்கிறதைக் கண்டிட்டு அவவே சொன்னா. மண்டபத்திலை முன் கதிரையிலை ஃபோனை நிமித்தி வைச்சுத் தாய்க்குக் காட்டப் போறாவாம். "பிள்ளையளும் பார்க்கட்டும். ஆனால் இது ஒரு ஆளுக்காகத்தான். வீடு எழும்பி நடக்கிறதைக் கண்டால் அவவும் எழும்புவாவோ எண்டு ஒரு எண்ணம்" எண்டா. விசரி, பொம்மையைப் பார்த்து ஆரும் வீட்டை விட்டு வெளிக்கிடுவினமே எண்டு சொல்ல வந்தது. அவவின்ரை முகத்தைப் பார்த்திட்டு, முழங்காலுக்குக் கீழை தலாணியைச் சரிப்படுத்தினன்.

ஆனால் முடிவு மட்டும் சரிவரேல்லை. ஒவ்வொரு முறையும் வீடு எழும்பும், நான் காலைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பன், அவ அசையமாட்டா. யன்னலுக்குள்ளை கிழவி பேசாமல் நிப்பா. "இண்டைக்கு இதோடை காணும்" எண்டு வீட்டைக் கீழை வைச்சிடுவா. பொம்மையாலைகூடத் தாயை வெளிக்கிடுத்த அவவாலை ஏலேல்லை. அப்பிடி ஒரு நாள் தேத்தண்ணி ஊத்தேக்கை கேட்டா: "உங்கடை சண்டையிலையும் வெளிக்கிடாமல் நிண்ட வயசுபோன ஆக்கள் இருந்தவையோ? அவைக்கு என்ன நடந்தது?" நான், "ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி" எண்டன். பேந்தும் ஒருக்காக் கேட்டா. "இந்தக் கால் கையை இறுக்குது, தையலை விட வேணும்" எண்டு கதையை மாத்திப் போட்டன்.

ஐயாவின்ரை கதையை நான் இந்த நாட்டிலை ஒருத்தருக்கும் சொன்னதில்லை. என்ரை அப்பாவை நாங்கள் ஐயா எண்டுதான் கூப்பிடுறது. முழு யாழ்ப்பாணமும் வெளிக்கிட்ட நாள், பின்னேரம், நல்ல மழை. ஆமி வருகுதெண்டு ஒலிபெருக்கியிலை வெளிக்கிடச் சொல்லிக்கொண்டு போனாங்கள். அம்மா, ஐயா, நான், சைக்கிளிலை ரெண்டு பை. ஐயாவும் எங்களோடை படலையைத் தாண்டி ஒழுங்கைக்கு வந்திட்டார். அப்ப முன்வீட்டுக்காரர் தலையிலை சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து, "எங்கையண்ணை போறியள்?" எண்டு கேட்டார். அந்த மனுசனும் பாவம், எங்கை போறதெண்டு தெரியாமல்தான் கேட்டது. ஐயா அப்பிடியே நிண்டிட்டார். "பிள்ளை, நீங்கள் நடவுங்கோ. நான் கொஞ்சம் இருந்து, தண்ணி குடிச்சிட்டு வாறன்" எண்டார். ஊரே ஓடுது, இவர் சகுனம் பார்க்கிறார் எண்டு அம்மா ஏசினா. அவர் திரும்பிப் படலைக்குள்ளை போயிட்டார். பின்னாலை வந்த சனம் எங்களைத் தள்ளிக்கொண்டு போச்சுது, திரும்ப வழியில்லை.

மாதக்கணக்காய்க் கழிச்சுத்தான் திரும்பிப் போனம். வீடு நிண்டது, ஐயா இல்லை. ஊரை விட்டுப் போகாமல் நிண்ட ஒரு மனுசன், பின்வளவிலை தான் ஐயாவைத் தாட்ட இடத்தைக் காட்டினார். ஷெல் பட்டதாம், எந்த நாளெண்டு அவருக்கு நினைவில்லை. நான் குசினிக்குள்ளை போனன். செம்பு கழுவிக் கவிட்டு வைச்சிருந்தது. தண்ணி குடிச்சிருக்கிறார். குடிச்சிட்டு ஏன் வரேல்லை எண்டு இண்டைவரைக்கும் எனக்குத் தெரியாது.

இதை அவவுக்கு என்னெண்டு சொல்லுறது? தாயை ஒரு வானிலை ஏத்தவேணும் எண்டு கிடந்து துடிக்கிற ஒருத்திக்கு இதைச் சொன்னால் அண்டைக்கு இரவு படுப்பாவே? அதாலை சொல்லேல்லை. சொல்லச் சீவனும் இல்லை, அதுவும் உண்மைதான்.

ஆட்டம் நடந்த சனிக்கிழமை வெளியிலை பனி உருகிச் சேறு. மண்டபம் நிரம்பிப் போச்சு. உக்ரேன் பிள்ளையள், எங்கடை பிள்ளையள், சுவரோரமாய் அதுகளின்ரை தாய்மார். அன்ரி தின்ன வாங்கின றோல்ஸ் பெட்டியோடை முன்வரிசையிலை. அவவுக்குப் பக்கத்துக் கதிரையிலை ஃபோன். அங்கை கரண்ட் இல்லையாம். மெழுகுதிரி வெளிச்சத்திலை தாயின்ரை தலைத்துண்டும் மூக்கும் மட்டும் தெரிஞ்சுது. அன்ரி ஃபோனைப் பார்த்துக் கையைக் காட்டினா. ஃபோனுக்குள்ளை இருந்தும் ஒரு கை ஆடிச்சுது.

கிழவி உரலிலை பறக்கப் பிள்ளையள் கூக்காட்டிச்சினம். தகரத்தை உலுப்பினவுடனை அடங்கிப் போச்சுதுகள். உக்ரேன் பிள்ளை ஒண்டு காதைப் பொத்தினது. துணியின்ரை நீக்கலாலை பார்த்தால், அன்ரியும் றோல்ஸோடை காதைப் பொத்திக்கொண்டு இருக்கிறா. கிழவி அடுப்பைத் துறந்து பிள்ளையளை ஒளிச்சா, தும்புத்தடியாலை காலடியை அழிச்சா. பிறகு, யன்னலுக்குள்ளை தெரியிற வாங்கிலை வந்து இருந்தா.  இருந்தா, இருந்தா, இருந்துகொண்டே இருந்தா. இதோடை காணும் எண்டு இண்டைக்கும் விடப்போறா எண்டு நினைச்சன். அப்ப எனக்குப் பின்னாலை நிண்ட அவ தன்ரை காலாலை என்ரை காலைத் தட்டினா. எழும்பு எண்ட குறி.

வீடு எழும்பிச்சுது. விரலைப் பொத்தி விரிச்சு ஒரு அடி, ரெண்டு அடி. கிழவி யன்னலாலை தலையை நீட்டினா. அப்ப முன்வரிசையிலையிருந்து அன்ரி, அவவாலை தாங்கேலாமல், முழு மண்டபத்துக்கும் கேக்கக் கேட்டா: "எங்கையணை ஆச்சி போறியள்?"

என்ரை கை நிண்டிட்டுது. நான் நிப்பாட்டேல்லை, அது தானாய் நிண்டது. ரெண்டு காலும் மடங்கி, வீடு பொத்தெண்டு மேசையிலை குந்திச்சுது. பழக்கம், என்ன செய்யிறது? கேட்டால் திரும்பி வந்து இருக்கிறதுதானே. எனக்குப் பின்னாலை அவ குனிஞ்சு என்னைப் பார்த்தா. அந்தக் கண்ணை நான் மறக்கமாட்டன். எவ்வளவு பாடுபட்டு எழுப்பினவ. ஃபோனுக்குள்ளை தாய் அப்பிடியே பார்த்துக்கொண்டு இருக்கிறா. வீடு குந்தியிருக்கு. பேசாமல் ஆரும் ஒரு பேணி தண்ணி கொண்டுவந்திருந்தால் எல்லாம் முறைப்படி சரியாய்ப் போயிருக்கும்.

எனக்கு அந்தக் கவிட்ட செம்பு கண்ணுக்குள்ளை வந்திட்டுது. அப்பதான் கோவம் வந்தது. இவ்வளவு வருசமாய் வராத கோவம், ஐயாவிலை, முன்வீட்டுக்காரரிலை, இருந்து போ எண்டு சொல்லித் தந்த எல்லாரிலையும். "தண்ணியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், நடவுங்கோ!" எண்டு துணிக்குள்ளையிருந்து கத்திப்போட்டன். தமிழிலைதான். வீட்டை எழுப்பினன். மேசை முடிஞ்சுது, வீடு நிக்கேல்லை. துணியை இழுத்துக்கொண்டு நானும் எழும்பி வெளியிலை வந்திட்டன், அவவும் வேற வழியில்லாமல் வீட்டைத் தூக்கிக்கொண்டு என்னோடை வந்தா. கோழிக்கால் முன்வரிசைப் பிள்ளையளின்ரை மடியிலை மிதிச்சு, ஃபோனைத் தாண்டி, அன்ரியின்ரை றோல்ஸ் பெட்டியைத் தாண்டி, வாசல் கதவு வரைக்கும் போச்சுது. பிள்ளையள் சிரிச்சுச் சிரிச்சு விழுந்ததுகள். நான் கதவிலை சாஞ்சு நிண்டு மூச்சு வாங்கினன். முழங்கால் ரெண்டும் செத்துப்போச்சு.

சனம் கலைஞ்சபிறகு ஃபோனிலை தாய் என்ன சொன்னவ எண்டு கேட்டன். "தன்ரை மூக்கு அவ்வளவு பெரிசில்லையாம்" எண்டா. அதோடை லைன் அறுந்து போச்சாம். அவ கோபிக்கேல்லை. கிழவியைத் துணியாலை சுத்தி வைச்சிட்டு, ஏன் நடுவிலை நிண்டனீங்கள் எண்டு மட்டும் கேட்டா. கால் ரெண்டும் இன்னும் என்ரை கையிலைதான் கிடந்தது. சொன்னன். மழை, படலை, முன்வீட்டுக்காரர், செம்பு, எல்லாம். என்ரை நொண்டி இங்கிலிஷிலை அது கொஞ்ச வசனத்திலை முடிஞ்சு போச்சு. சொல்லிப்போட்டு அழுதன். ஒளிக்க என்ன இருக்கு, அழுதனான்தான்.

அவ ஃபோனை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனா. லைன் திரும்பக் கிடைச்சிருக்க வேணும். கதவுக்குப் பின்னாலை கேக்குது, அவவின்ரை பாஷை எனக்கு ஒரு சொல்லும் விளங்காது, ஆனால் அது அழுகை இல்லை, கெஞ்சலும் இல்லை. பேச்சு. தாயை நிக்கவைச்சு ஏசுறா. நான் கதிரையளை அடுக்கினன்.

திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது. "அம்மா ஓம் எண்டிட்டா. அடுத்த வானிலை வாறாவாம். கோழியளைப் பக்கத்துத் தெரு ஆளிட்டை விடுறாவாம்" எண்டா. நான் கும்பிட்டன். "ஒரே ஒரு விருப்பமாம். வெளிக்கிட முதல் அந்த வாங்கிலை கொஞ்சநேரம் இருந்திட்டு வாறாவாம்."

"ஃபோனைத் திருப்பி எடும்" எண்டன். "இப்பவே எடும். இருக்கிறதெண்டால் வானுக்குள்ளை ஏறி இருக்கச் சொல்லும்."